வெள்ளிக்கிழமையில் வரும் போயா

என் அக்கா, உங்கள் அத்தை, எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் அத்தையைப் பற்றி அப்பாதான் எழுத வேண்டும் என்று நீங்கள் மூன்று பேரும் சொல்லிவிட்டீர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதனால் சாந்தி, மோகன், ரேணு, உங்களிடம் பேசுவது போலவே எழுதுகிறேன். மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் பிழை பொறுத்து வாசிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது வட்டவளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில். எங்கள் அம்மாவுக்கு அவர் தலைப்பிள்ளை. நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அக்காவுக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கொஞ்ச வயதிலேயே கொழுந்துக் கூடை முதுகில் ஏறியது. கல்யாணமாகி மஸ்கெலியாப் பக்கம் போனார். மூன்றாம் வருடம் மாமா காய்ச்சலில் தவறிவிட, ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். வாசலில் நின்று, "வந்துட்டேன் தம்பி, சோறு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

சினிமா என்றால் அக்காவுக்கு உயிர். ஆனால் ஒரு படத்தைக்கூட அவர் தனியாகப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு மறுநாள் லயத்துப் பெண்கள் எல்லோரையும் ஹட்டன் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போவார். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டைப் போல, தியேட்டர் வாசலிலும் நிறுத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஓர் ஆள் குறைந்தாலும் உள்ளே விடமாட்டார்.

டிக்கட் கிழிக்கிறவர் ஒருமுறை பொறுமை இழந்து, "என்னாங்க, உள்ள போயி கொழுந்தா எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"கொழுந்துன்னா பாதியில வந்தும் எடுத்துக்கலாம். படம் பாதியில வந்தா கத வெளங்குமா? சித்த இருங்க, மாரியாயி கக்கூசுக்குப் போயிருக்கா" என்றார் அக்கா. வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மாரியாயி அக்கா மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

லயத்துக்குக் கரண்ட் வந்தபோது டீவியும் வீடியோ டெக்கும் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அங்கேயும் அதே பெரட்டு. எல்லோரும் பாயில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகுதான் கசெட் ஓடும். யாராவது பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தால் அக்கா படத்தை நிறுத்திவிடுவார். போனவர் வந்து உட்கார்ந்த பிறகே மறுபடி ஓடும். முணுமுணுத்தவர்களுக்கு நல்ல ஏச்சும் கிடைக்கும். கோபக்காரர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த ஐந்து வருடமும் உங்களை வளர்த்தது அத்தை. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, உங்கள் தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சப்பாத்தை அடுப்போரம் காய வைத்து, பாடம் கேட்டு, அதற்குப் பிறகுதான் அவர் உட்காருவார். பிறகு சாந்தி கொழும்புக்குப் புடவைக் கடை வேலைக்குப் போனாள். மோகன் கட்டாருக்குப் போனான். ரேணு மட்டும் வீட்டில்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. அக்கா பெயர் கூப்பிட்ட அந்தத் தியேட்டரில் இன்றைக்குக் கட்டிலும் அலுமாரியும் விற்கிறார்கள். லயத்தில் ஒரே காம்பராவில் நாலு பேர் நாலு போனில் நாலு படம் பார்க்கிறார்கள். எங்கள் டீவிக்கு மேலே உங்கள் அம்மா பூ போட்ட துணி போட்டு வைத்திருந்தாள்.

"இனிமே தியேட்டரு, டீவி எல்லாம் முடிஞ்சிச்சு அத்தே. எல்லாம் போன்லதான். நெனச்ச நேரம் நெனச்ச படம்" என்று மோகன் ஒருநாள் கட்டாரிலிருந்து சொன்னான்.

"நீ நெனச்ச நேரம் நீ சிரிப்ப, நான் நெனச்ச நேரம் நான் சிரிப்பேன். சனம் எல்லாம் எங்கடா சேந்து சிரிக்கும்?" என்று அக்கா கேட்டார்.

ரேணு ஒரு வழி செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் போனிலிருந்து டீவிக்கு வயர் போட்டாள். கொழும்பில் சாந்தி தன் போனில் அதே படத்தை வைத்தாள். என் போனில் சாந்தி லைனில் இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரண்டு இடத்திலும் ஒன்றாக ஓடவிட்டார்கள். நடுவில் அக்கா வயிற்று வலி மருந்து குடிக்க எழுந்தவர், ரேணுவிடம் சொல்லிப் படத்தை நிறுத்திவிட்டு, "சாந்தி, நிப்பாட்டியிருக்கேன், கொஞ்சம் இரு" என்று என் போனைப் பார்த்துச் சொன்னார். இங்கே நிறுத்தினால் கொழும்பிலும் நின்றுவிடும் என்று அவர் நினைப்பு. "சரி அத்தே" என்ற சாந்தியின் போனில் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ரேணு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அக்காவுக்கு மனம் நிறையவில்லை. "மோகன் பேரக் கூப்பிட்டா பதில் இல்ல. இதென்னா பெரட்டு?" என்றார். மோகனுக்கு லீவு வெள்ளிக்கிழமை. சாந்தியின் கடை பூட்டுவது ஞாயிறும், பௌர்ணமி விடுமுறையான போயாவும். அக்கா கலண்டரைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையில போயா எப்ப வருதுன்னு பாரு."

பார்த்தேன். நான்கு மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வயிற்றில் இருப்பது கட்டி, இன்னும் எத்தனை மாதம் இருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்த வெள்ளிக்கெழம வரைக்கும் இருப்பேன்ல தம்பி?"

"கஞ்சியக் குடி அக்கா மொதல்ல" என்றேன்.

மூன்றாம் மாதம் அவர் மிகவும் இளைத்துவிட்டார். பயத்தில், சாந்தியை லீவு போட்டு முன்னதாகவே ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "லீவு போட்டா என்னயத் தூக்குற அன்னிக்கு வரட்டும். படத்துக்கு வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் கலண்டரில் விரலை வைத்து எண்ணுவார். நானும் அவர் பார்க்காதபோது எண்ணுவேன்.

போயா வந்தது, அக்காவும் இருந்தார். இங்கே மத்தியானம் ஒன்றரை, கட்டாரில் காலை பதினொன்று. என் போனில் சாந்தியும் மோகனும் லைனில் இருந்தார்கள், அதே படம் அவர்கள் பக்கமும் தயாராக இருந்தது. இரண்டு தலையணை வைத்துச் சுவரோடு சாய்த்தோம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். அக்காவே பெயர் கூப்பிட்டார். குரல் எழவில்லை, ஆனாலும் ஒருவரையும் விடவில்லை.

"சாந்தி?"

"இருக்கேன் அத்தே."

"மோகன்?"

"இருக்கேன் அத்தே, போடுங்க."

அரை மணி நேரம் நன்றாகச் சிரித்தார். பிறகு தலை சாய்ந்து தூங்கிவிட்டார். லேசான குறட்டை. ரேணு என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், அவள் படத்தை நிறுத்தினாள். என் போனிலிருந்து கொழும்புப் படமும் கட்டார்ப் படமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கொழும்புச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு கட்டாரும் நின்றது. சாந்தியின் அறையில் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாயில் இருந்தவர்களும் எழுந்து போகவில்லை. உங்கள் அம்மா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

நாற்பது நிமிடம் கழித்து அக்கா கண் விழித்தார். "என்னா எல்லாரும் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"விட்ட எடத்துலயே நிக்குது அத்தே" என்றான் மோகன்.

"பின்ன? நான் நிப்பாட்டுனா ஓடுமா? போடு, போடு."

முடிவு வரை பார்த்தார். ஒன்பதாம் நாள் காலையில், ரேணுவின் மடியில் தலை வைத்தபடி எங்களை விட்டுப் போனார்.

கடைசி மாதங்களில் அக்காவை நாற்காலியில் வைத்து மழையில் மெயின் ரோட்டு வரை தூக்கி வந்த மேல் லயத்து இளைஞர்களுக்கும், கேட்ட நேரமெல்லாம் ஓட்டோ கொண்டுவந்த கடைக்கார நானாவுக்கும், கருமாதி வரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும், மஸ்கெலியாவிலிருந்து பஸ் மாறி வந்த மாமாவின் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாரியாயி அக்கா கால் வலியோடு சுடுகாட்டு முடக்கு வரை நடந்து வந்தார். அவரைக் கும்பிடுகிறேன்.

தியேட்டர் இனி இருக்குமா, டீவி இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. படித்த நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். ஆனால் பிள்ளைகளே, உங்களுக்கு நான் இதுவரை சொல்லாத நன்றி ஒன்று இருக்கிறது. அந்தப் போயா அன்று, சாந்தி, மோகன், உங்களை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள். படத்தை ஓடவிட்டிருந்தால் அக்காவுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

நீங்கள் நிறுத்தினீர்கள்.

உங்கள் அப்பா