நிரந்தரம் என்று எழுதியிருந்த அட்டை

அந்த நீல அட்டையை என் கையிலிருந்து வாங்க முன்னர் ஹொலண்ட் அக்கா தன் கையை ஏப்ரனில் இரண்டு தரம் துடைத்தார். லண்டனின் சட்டன் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சமையலறை வாசலில் நின்றோம். தபாலில் வந்த உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு மடிப்பு அட்டை. அதில் அவருடைய சிரிக்காத படம். மேலே நிரந்தர வதிவிடம் என்று ஆங்கிலத்தில். “இனி என்ன பிள்ளை?” என்று கேட்டார். “இனி ஒருத்தரும் உங்களை அசைக்கேலாது அக்கா,” என்றேன். என்ன திமிரோடு சொன்னேன் என்பது இப்போதும் என் காதில் கேட்கிறது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஐரோப்பாவில் எங்கேயாவது குடியுரிமை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர்களுக்கு அந்த நாட்டின் பெயரையே வைத்துவிடுவோம். அவர் ஹொலண்டில் பத்துப் பதினைந்து வருடம் இருந்து, கணவர் தவறிய பிறகு, மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று வந்தவர். ஹொலண்ட் பாஸ்போர்ட்டைக் காட்டினார், உள்ளே வந்தார், அவ்வளவுதான். நானோ அகதியாக வந்து, குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு வெளியே குளிரில் வரிசையில் நின்று நின்று பதிவு எடுத்தவள். எனக்கு எரிச்சல் இல்லாமல் இருக்குமா? “நீங்கள் ராசாத்தி, கதவு தானாத் திறக்கும்,” என்று சீண்டுவேன். “வரிசையில நிண்ட கால் நோவில கதைக்கிறாய்,” என்பார் அவர். காலை ஷிப்ட் முழுக்க இப்படித்தான் போகும்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. போர்ம், படிவம் என்று எதைக் கண்டாலும் நிரப்பக் கை துடிக்கும். கவுன்சில் வரி, அரசாங்கத்தின் பெனிபிட் காசு, பள்ளிக்கூட இடம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். வருவதில் எனக்குப் பெருமை. ஹொலண்ட் அக்காவுக்கு அந்த நீல அட்டைக்கு எழுதியதும் நான்தான். ஐந்து வருடச் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, புத்தகம் போன்ற போர்மை ஒரு மாதமாக நிரப்பினேன். அதற்காகப் படித்தபோது ஒரு விஷயம் என்னை மயக்கியது. இந்த உரிமையை லண்டன் கொடுப்பதில்லை, ஐரோப்பியச் சட்டம் கொடுக்கிறது, லண்டன் அதை உறுதிப்படுத்த மட்டுமே செய்கிறது என்று இருந்தது. அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? “பிரஸ்ஸல்ஸில இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் மாமியார், லண்டன் மருமகள். மாமியார் உங்களுக்கு ஓர் அறை தந்திருக்கிறா. மருமகள் பூட்டுத் திறப்பை எடுத்துத் தாறா, அவ்வளவுதான். தான் தராத அறையை மருமகள் பறிக்கேலுமோ?” அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அரசியல் செய்தி வந்தாலே, “இண்டைக்கு மாமியார் என்ன சொல்லுறா?” என்றுதான் கேட்பார்.

பிறகு மருமகள் தனிக்குடித்தனம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்; பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. ஐரோப்பியர் எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அக்காவின் மகள் அப்போது கல்யாணமாகி, சட்டனிலேயே பிள்ளையோடு இருந்தாள். அவள் தனக்கு உடனே விண்ணப்பித்துவிட்டு, தாயிடமும் கேட்டிருக்கிறாள். அக்கா என்னிடம் வந்தார். இல்லத்தில் எல்லோருக்கும் கொடுத்ததில் எனக்கும் அந்த அறிவித்தல் கிடைத்திருந்தது. முதல் பக்கத்தைப் படித்தேன், இரண்டாவது பக்கத்தைப் படிக்கவில்லை. “அது அட்டை இல்லாத ஆக்களுக்கு. உங்களிட்ட நிரந்தரம் எண்டு எழுதின அட்டை இருக்கு. விசரே, திரும்பவும் போய் வரிசையில நிக்க?” என்றேன். மகள் மறுபடி கேட்டபோது, “அவள் பாத்துச் சொல்லிட்டாள், தேவையில்லையாம்,” என்று அக்கா வாயை அடைத்துவிட்டார். அப்படி நம்பினார் என்னை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் கடந்து நெடுங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் இல்லத்தை வேறு ஆட்கள் வாங்கினார்கள். புது நிர்வாகம் எல்லோருடைய பத்திரங்களையும் திரும்பப் பார்த்தது. மனேஜர் நல்ல மனுசி. நீல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் மெதுவாக அக்காவின் பக்கம் தள்ளி, இது இப்போது செல்லாது என்றார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். செல்லாது என்ற சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அக்காவே விளங்கிக்கொண்டார். அன்று மத்தியானமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிந்திய விண்ணப்பம் போடலாம், ஆனால் பிந்தியதற்குத் தக்க காரணம் வேண்டும். லூயிஷாமில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு டச்சு வரும் அளவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் நான். அவர் கேட்டார்: “விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று யாராவது இவருக்குப் பிழையாகச் சொன்னார்களா? சொன்னவர் ஒரு கடிதம் தந்தால் மிகவும் உதவும்.” கேட்டுவிட்டு, பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. ஆனாலும் கேள்வியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “இல்லையெண்டு சொல்லு பிள்ளை,” என்றார்.

நான் இல்லையென்றே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சொன்னதைத்தான் மொழிபெயர்த்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தெரியாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தை ஒரு பக்கமும் விடாமல், அப்போதுதான் ஒழுங்காக, படித்தேன். பிரியும்போது இரு பக்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்களையும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்பதில் பிரஸ்ஸல்ஸும் கையெழுத்து வைத்திருக்கிறது. மாமியார் மேலே, மருமகள் கீழே என்று நான் சமையலறையில் நின்று பிரித்துக் கொடுத்த அதிகாரத்தை அவர்கள் எப்போதோ வேறுவிதமாகப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். அறையில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அரசாங்கங்கள் மேல் கோபம் உண்டு. அதை உரக்கச் சொல்லவும் முடியும். ஆனால் அந்த இரண்டாவது பக்கம் என் வீட்டு மேசையில்தான் கிடந்தது.

மேன்முறையீடு செய்ய அக்காவுக்குத் தெம்பு இல்லை. ஹொலண்டுக்கே திரும்பிப் போனார். அறுபதை நெருங்கும் வயதில் அங்கேயும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போது, எத்தனை நாள் நிற்பீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்கிறார்களாம். “சொந்த மகளின்ர வீட்டுக்கு நான் விசிட்டர்,” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இங்கே இப்போதும் ஆட்கள் போர்மோடு வருகிறார்கள். சட்டத்தரணியிடம் போங்கோ என்று அனுப்பிவிடுகிறேன். பெருமை பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

போன மாதம் தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தோம். பேரனின் பள்ளிக்கூடம், முழங்கால் நோ, இல்லத்தில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் முடிந்து, வைக்கப் போகும்போது என்னால் அடக்க முடியவில்லை. “அக்கா, அண்டைக்குச் சட்டத்தரணியிட்ட நீங்கள் இல்லையெண்டு சொல்லச் சொன்னாலும், நான்தான் சொன்னனான் எண்டு நான் சொல்லியிருக்க வேணும்,” என்றேன். விடு பிள்ளை என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் அழைத்திருக்கிறேன் போலும்.



“ஓம் பிள்ளை,” என்றார். “நீ சொல்லுவாய் எண்டுதான் நானும் உன்ர முகத்தைப் பாத்தனான்.”