நாலாவது பேட்டரி

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சோறு கொதிக்கிற நேரத்துக்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளை எழுபதுகளின் கடைசியில் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ் போகும் சாலைக்கு வண்டித் தடம் சுற்றிக்கொண்டு போகும், நடந்தால் வரப்பு வரப்பாகப் போக வேண்டும். கட்டிக்கொண்டவரோ வருஷத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவர்.

அவர் போர்வெல் ரிக்கில் பங்குதாரர். துளை போடும் லாரி ஒன்று முன்னால் போகும். பைப்பும் டீசலும் அரிசி மூட்டையும் ஆட்களும் ஏறின லாரி பின்னால் போகும். தை முடிந்து வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்து வண்டி சேற்றில் இறங்க முடியாது என்ற நிலை வந்தால்தான் வீடு திரும்புவார்கள். திரும்பியதும் கதை கதையாகச் சொல்லுவார். ஆரஞ்சுத் தோட்டங்களைப் பற்றி, ஒட்டகம் பூட்டின வண்டியைப் பற்றி, கன்னங்கரேல் என்று வெடித்துக் கிடக்கும் மண்ணைப் பற்றி. நான் நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க வயிறு எரியும். பொறாமை என்றுதான் அதற்குப் பெயர், வேறு நல்ல பெயரெல்லாம் வைக்கத் தேவையில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. என்னைக் கட்டிப்போட்டது அந்தத் தோட்டமும் நாலு மாடும் மட்டும்தான்.

பைப் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டது. ரிக்கில் இருந்து விலகிக்கொண்டார். அவர் பங்குக்கு, சாமான் ஏற்றிப்போகும் பழைய வேன் ஒன்று வந்தது. அதோடு ஒரு சோலார் பிளேட்டும் வந்தது. வடக்கே எங்கேயோ வேலை செய்தபோது ஏலத்தில் எடுத்தாராம். நீலக் கண்ணாடியில் வெள்ளிக் கோடு போட்ட பலகை. வெயிலில் வைத்தால் மின்சாரம் வரும் என்றார். எங்கள் பக்கத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்.

வேன் வாசலில் வந்து நின்ற அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இதுலயே சோறாக்கிக்கிட்டு, இதுலயே படுத்துக்கிட்டு, நீங்க பாத்த ஊரெல்லாம் எனக்குக் காட்டுங்க."

"போலாம் புள்ள, தாராளமாப் போலாம். லைட்டு, ஃபேனு இல்லாம நீ எப்படி இருப்ப? ஒரு பேட்டரி போட்டுக்குவோம், அப்பறம் கிளம்பிரலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் விட்டு, உள்ளே படுக்க ஒரு பலகையும் ஸ்டவ் வைக்க ஒரு தட்டும் செய்து வாங்கினோம். ஜன்னலுக்குத் திரை நானே தைத்தேன். பிளேட்டை வேன் கூரையில் போல்ட் போட்டு முடுக்கினார். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு. இது வீட்டுச் செலவுக்கு என்று தனியாக ஒன்று, படுக்கைப் பலகைக்கு அடியில் உட்கார்ந்தது. ஒரு டியூப் லைட், ஒரு குட்டி ஃபேன். களத்து மேட்டில் வேனை நிறுத்திப் பரீட்சை பார்த்தோம். சாயங்காலம் போட்ட ஃபேன் பாதி ராத்திரியில் மூச்சை விட்டுவிட்டது.

"பத்தாது. இன்னொண்ணு போடோணும்" என்றார்.

போட்டார். இரண்டாவது பேட்டரி வந்தது. முதலாவது கொஞ்சம் பழையது, இது புதிது. பழையது புதியதைக் குடித்துவிடும் என்று பேட்டரிக் கடையில் சொன்னார்களாம். பழையதற்கு உள்ளே ஈயத் தகடு மாற்ற அதைக் கழற்றிக் கொண்டுபோனார். அதற்குள் மரவள்ளி பிடுங்கும் நாள் வந்துவிட்டது. அந்த வருஷம் போகவில்லை.

போர் போடுகிறவர்களிடம் ஒரு புத்தி உண்டு. தண்ணீர் வராத குழியை விட்டு எழுந்து வர அவர்களுக்கு மனசு வராது. தோட்டத்துக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவர்கள், "இன்னொரு நூறடி பாத்தரலாங்க" என்பார்கள். நூறடி போய்ப் புகைதான் வரும். "இன்னொரு நூறடி." இத்தனை ஆழம் வந்துவிட்டோமே, இப்போது விட்டால் போட்டதெல்லாம் வீண் என்று கீழேயே போய்க்கொண்டிருப்பார்கள். எங்கள் வேனுக்குள்ளும் அந்த வேலைதான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றார், நானும் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

இதற்கு நடுவில் ஊர் வேறு சேர்ந்துகொண்டது. அப்போதெல்லாம் கரண்ட் எந்நேரம் போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் களத்தில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் ஜனம் சும்மா இருக்குமா? விளக்குக்கு எண்ணெய் கேட்டு வந்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் மகளுக்கு நிச்சயம் என்பார், ஒருவர் மாடு கன்று போடுகிறது என்பார். இவர் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக் கொடுத்தனுப்புவார். மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட்டுக்கு என்று கேட்டு வந்தபோது இரண்டையும் கொடுத்தார். சாமி காரியம், இல்லை என்று யார் சொல்வது? அம்மன் ஊர்வலம் முடிந்து திரும்பி வந்தபோது இரண்டும் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தன. அப்புறம் மூன்றாவது வந்தது.

பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலையானது. ஆசிட் தெறித்து என் சேலைகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. துவைத்து உதறினால் ஓட்டை வழியாக மலை தெரியும். ஊருக்குப் போகக் கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்த சேலையிலும் ஒரு நாள் தெறித்தது. அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டைப் போய்த் திட்டினேன். பாவம், அது என்ன செய்யும்.

நாலாவது பேட்டரி இறங்கின அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கூரையில் இருப்பது அதே ஒரு பிளேட்.

"ஏனுங்க, கொழாய் ஒண்ணுதான் சொட்டுது. அதுக்குக் கீழ நாலு கொடத்த வச்சா நாலும் ரொம்பிருமா? ஒண்ணாச்சும் ரொம்பிக்கிட்டு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல."

அவர் கூரையைப் பார்த்தார். "நீ சொல்றது நாயந்தான் புள்ள. இன்னொரு பிளேட் போட்டுட்டா..."

நான் கையில் இருந்த புனலைக் கீழே எறிந்துவிட்டேன். லைட்டும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம், வருகிற தையில் மரவள்ளி பிடுங்கினதும் கிளம்புகிறோம் என்று கத்தினேன். கத்தினது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். பஞ்சாங்கம் பார்த்து அவரே நாள் குறித்தார்.

தையும் வந்தது. மரவள்ளி லாரி ஏறிப் போனது. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லியாயிற்று. நான் அரிசி, பருப்பு, கொள்ளு, குழம்புத் தூள், ஊறுகாய் எல்லாம் வேனில் அடுக்கினேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்து வைத்ததையே எடுத்து எடுத்து வைத்தேன்.

கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. மத்தியானம் பக்கத்து ஊர்க் கோயில் பெரியவர் வந்து நின்றார். அவர்கள் கோயிலில் விசேஷமாம். அங்கே கரண்டை நம்ப முடியாதாம்.

"ஒரு நாலு நாளைக்குப் பேட்டரியக் குடுத்தீங்கன்னா போதும் அம்மணி. பத்திரமாக் கொண்டாந்து ஒப்படைச்சர்றோமுங்க."

இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லப்போகிறார் என நான் திரும்பிப் பார்த்தேன். இவர் முகம் மலர்ந்திருந்தது. கோர்ட்டில் வாய்தா கேட்டவனுக்கு வாய்தா கிடைத்த மாதிரி தோள் இறங்கி, நெற்றிச் சுருக்கம் போய், பத்து வயசு குறைந்து நின்றார். "அதுக்கென்னங்க, சாமி காரியமாச்சே" என்றார். இத்தனை வருஷமும் பத்தாமல் போனது பேட்டரி இல்லை.

நானே போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன். பலகையைத் தூக்கி நாலையும் கழற்றினேன். யார் உதவிக்கு வந்தாலும் விடவில்லை.

"எல்லாத்தையும் கொண்டுட்டுப் போங்க. கோயில்லயே வச்சுக்குங்க. திருப்பித் தர வேண்டாமுங்க."

பெரியவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி தடத்தில் திரும்பும்வரை பொறுத்திருந்தேன்.

"இப்ப வண்டியக் கிளப்புற பேட்டரி மட்டுந்தான் இருக்குது. நாளைக்குப் போலாங்களா?"

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் தலை நிமிராமலே சொன்னார்.

"அத்தன வருசம் லாரிலயே கெடந்தேன் புள்ள. எந்தக் காட்டுல படுத்தாலும் இந்த ஊட்டு நெனப்புத்தான். எப்படா போய்ச் சேருவோம்னுதான் ஒவ்வொரு நாளும் எந்திரிப்பேன். இப்பத்தான் வந்து சேந்திருக்கறேன். மறுக்கா வண்டி ஏற என்னால ஆவாது. நீ ஆசையாக் கேக்கற. உன்றகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அப்போது நான் உருகிப்போனேன் என்று எழுதினால் பொய். கோபம்தான் வந்தது. இந்த நாலு வார்த்தையை வேன் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் அத்தனை ஈயத்தையும் ஆசிட்டையும் சுமந்திருக்க வேண்டாமே என்று வந்தது. அவர் சொன்ன கதைகள் எல்லாம் ஊர்களைப் பற்றி இல்லை, வீட்டுக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்தில் சொன்னவை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கு ஊர் சுற்றியது போதும் என்றிருந்தது. எனக்கு வீடு போதும் என்றிருந்தது. இதில் யார் மேல் குற்றம் சொல்வது?

"நீங்க இருங்க. நான் போறேன்" என்றேன்.

"தனியாவா? பாஷை தெரியுமா உனக்கு?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போனீங்க?"

சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் என்ன பேசும் என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. வேனில் அடுக்கினதை எல்லாம் இறக்கி, அரிசி பருப்பை டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு, ஒரு பையில் துணியை மட்டும் வைத்தேன். ஆரஞ்சு விளையும் ஊருக்கு எந்த ரயில், எங்கே மாற வேண்டும், எந்த ஸ்டேஷனில் இட்லி மாதிரி ஏதோ கிடைக்கும் என்று, வேலைக்கு நடுவில் ஓரிரு தடவை ரயிலில் வந்துபோன ஞாபகத்தில் அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

காலையில் பையை அவர்தான் தூக்கி வந்தார். இடுப்பு வலியோடு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். சேலம் பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியனுப்பிப் பழக்கமில்லாத மனுஷர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். பஸ் உறுமினபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வருவ?"

"தெரியலைங்க" என்றேன். அது உண்மைதான்.

பஸ் நகர்ந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில், அவரை வழியனுப்பி, அத்தனை வருஷம் நின்றவள் நான். வண்டி போன பிறகு அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தை அவர் அன்றைக்குத்தான் நடந்து பார்த்திருப்பார்.