சிவப்புத் தலைத் தடிகளும் றுஷ்தாவின் வளைவும்

வஸீரை உட்காரவைத்துப் படம் பிடித்தவர் எவரும் இல்லை. கலியாணப் படத்தில்கூட அவன் பாதி எழும்பிய நிலையில்தான் இருக்கிறான். பக்கத்தில் றுஷ்தா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருப்பது அன்பினால் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவன், சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் விரட்டப்பட்டபோது, உம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடியே மன்னார்ப் பக்கத்து முசலிக் கரையை விட்டுப் புத்தளம் போனவன். பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் முடித்தது எல்லாம் அங்கேதான். சண்டை ஓய்ந்து சனம் திரும்பத் தொடங்கியபோது பெரியவர்கள் முதலில் வந்து காடு வெட்டினார்கள். வஸீர் பிந்தி வந்தான். காடு வெட்டி, கிணறு இறைத்து, வாப்பாவின் காணியில் வீட்டுத் திட்டத்து வீடும் எழும்பிய பிறகு வந்தான். இந்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்றால் அந்தப் பிந்தலைச் சொல்லலாம். வேறு வில்லன் கிடைக்கவில்லை.

ஊரின் பெயர் ஆவரங்குடா. மறிச்சுக்கட்டிக்குப் போகும் பாதையிலிருந்து ஒரு மணல் பாதையில் உள்ளே விலக வேண்டும். அங்கே ஒருவரும் ஒருவரைச் சுகம் கேட்பதில்லை. "எப்ப வந்த? எப்ப போற?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரு கால் இங்கே, மற்றக் கால் புத்தளத்தில். வஸீருக்கோ இரண்டு காலும் மோட்டார் சைக்கிளில். கிழமை முழுக்க ஊரில் இருப்பான். வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் புத்தளத்துக்குப் பறப்பான். ஏனென்றால் றுஷ்தா புத்தளத்தில் இருந்தாள்.

றுஷ்தாவுக்குக் கம்பியூட்டரில் கலியாணக் கார்ட் வரைகிற தொழில். வரைந்ததை குருநாகல், கொழும்பு அச்சகங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆவரங்குடாவில் ஒரு தடவை முயன்று பார்த்தாள். தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் பாதி ஏறினால் போனில் கொஞ்சம் சிக்னல் வரும். அப்படி ஏறி நின்று அனுப்பியும், மணமகளின் பெயர் போய்ச் சேர்ந்தது, மணமகனின் பெயர் வழியில் நின்றுவிட்டது. இறங்கி வந்து பெட்டியைக் கட்டினாள்.

"லைன் வரட்டும், வாறன்," என்றாள். "அதுவரைக்கும் நீங்க ஓடித் திரியுங்க. உங்களுக்கு அது விருப்பம்தானே."

ஆகவே, மீள்குடியேறிய ஊர்களுக்கு பைபர் லைன் இழுக்கும் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், ஒப்பந்தக்காரரின் கந்தோர் வாசலில் முதல் ஆளாய் நின்றவன் வஸீர். வேலை கிடைத்தது. வழி குறிக்கிற வேலை.

ஊருக்கு அதை விளங்கப்படுத்துவதும் அவன் தலையில்தான் விழுந்தது. தலைமயிர் அளவு கண்ணாடி நார், அதற்குள்ளால் வெளிச்சம் ஓடும், வெளிச்சத்தில் படமும் கதையும் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அவனுடைய வாப்பாவின் தங்கை ஆமினா, அடுத்த வளவுக்காரி, பொறுமையாய்க் கேட்டாள்.

"கண்ணாடிய மண்ணுக்குள்ள புதைக்கப் போறாங்களோ? சின்னப் பிள்ளையள்ற கால் வெட்டாதோ?"

"குழாய்க்குள்ள போகுது மாமி."

"குழாயெண்டால் தண்ணி வருமோ?"

"இல்ல மாமி, இன்டர்நெற்."

"தண்ணிய விட்டிட்டு இதக் கொண்டு வாறாங்களாக்கும்," என்றாள் ஆமினா.

தூண் நட்டு மேலால் இழுப்பதுதான் சுலபம். ஆனால் வில்பத்துக் காட்டு யானைகள் தூணில் முதுகு சொறியும், சொறிந்தால் தூண் நிற்காது. அதனால் மண்ணுக்குள். பெரிய பாதையோரம் ஒரு பெட்டி வரும், அங்கிருந்து மணல் பாதை நெடுக வாய்க்கால் வெட்டிக் குழாய் புதைத்து ஊருக்குள் வர வேண்டும். கந்தோரின் கணக்கில் இன்னொரு வசதியும் இருந்தது. லைன் ஒரு வீட்டைக் கடந்து போனாலே அந்த வீட்டுக்குக் கொடுத்த மாதிரித்தான். கடந்து போவதை வந்து சேர்வதாக எழுதும் வழக்கத்தை இந்தக் கரையில் பைபர்காரர்தான் தொடக்கிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

வழியில் தடி நட்டு, மெசின்காரனுக்குத் தெரிகிற மாதிரித் தலைக்குச் செம்மஞ்சள் பூசச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பக்கீரின் கடையில் செம்மஞ்சள் இல்லை.

"சிவப்பு இருக்கு," என்றார் பக்கீர். "ரெண்டும் ஒரு குடும்பந்தானே."

ஒரே பகலில் வஸீர் தடி வெட்டி, தலையைச் சிவப்பில் தோய்த்து, பெட்டி வரும் இடத்திலிருந்து தன் வீட்டு வாசல்வரைக்கும் நேர்கோட்டில் நட்டுவிட்டான். நல்ல வடிவான நேர்கோடு.

மறுநாள் காலையில் ஊர் மாறியிருந்தது. ஆடுகள் எல்லாம் கட்டிப்போட்டபடியே நின்றன. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் மணல் பாதையை விட்டு முட்பற்றைக்குள்ளால் சுற்றிப் போனார்கள். பிள்ளைகளைத் தாய்மார் கையில் பிடித்துக் கூட்டிப் போனார்கள். ஒருவர்கூடத் தடிக்குக் கிட்டப் போகவில்லை. வஸீருக்குக் கண் கலங்கியது. என்ன ஒழுக்கமான சனம், ஒரு பொதுவேலைக்கு எவ்வளவு மரியாதை!

விளக்கம் வெள்ளாங்குளத்திலிருந்து லொறியில் வந்தது. வாய்க்கால் வெட்டும் குழுவின் தலைவர் கனகரத்தினம் லொறியால் இறங்கினார், தடிகளைப் பார்த்தார், ஒரு காலை மறுபடியும் லொறியில் வைத்தார்.

"ஆர் தம்பி இத நட்டது?"

"நான்தான் அண்ணை."

"சிவப்பு என்னத்துக்கு?"

"தூரத்தில இருந்து பாக்கத் தெரியட்டும் எண்டு."

"தெரியுது. நல்லாத் தெரியுது. நாங்கள் வாறம், என்ன?"

கனகரத்தினமும் அவருடைய ஆட்களும் சண்டை முடிந்த காலத்தில் இதே கரையில் மிதிவெடி கிளறி எடுத்தவர்கள். சிவப்புத் தலைத் தடிக்கு அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: இதற்கு அங்கால் கால் வையாதே. முதலில் வந்து காடு வெட்டிய ஆவரங்குடாச் சனத்துக்கும் அதே அர்த்தம்தான். அந்த மிதிவெடித் தடிகள் பிடுங்கப்பட்ட பிறகு வந்த வஸீருக்கு மட்டும் சிவப்பு வெறும் பெயின்ற்.

அவன் பக்கீரிடம் ஓடினான். "உங்களுக்குத் தெரியுந்தானே பக்கீர் நானா, ஏன் சொல்லயில்ல?"

"பெயின்ற் கேட்டாய், குடுத்தன். என்னத்துக்கெண்டு விசாரிச்சு விக்க நான் என்ன பொலிசோ?"

மன்னாரிலிருந்து பொறியியலாளர் நிரூபன் போனில் கத்தினார். "வெள்ளிக்கு முன்னம் ஊருக்குள்ள குழாய் இறங்க வேணும். இல்லாட்டி மெசினையும் ஆக்களையும் வங்காலைக்கு எடுத்திடுவன். உங்கட லைன் பெட்டியோட நிக்கும். ஊர் முடிஞ்சுதெண்டு எழுதியும் விடுவினம், பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம்."

பெட்டியோடு நின்றால் றுஷ்தாவும் புத்தளத்தோடு நிற்பாள். வஸீர் தடிகளைப் பிடுங்கவும் பயந்தான், பிடுங்கினால் வழி போய்விடும். பெயின்றை மாற்றலாம் என்று சிவப்பின் மேல் வெள்ளை அடித்தான். இரண்டும் கலந்து றோசாப்பூ நிறம் வந்தது.

"இது புதுச் சாதி வெடி போல கிடக்கு," என்றார் ஆட்களில் ஒருவர்.

கடைசியில் அவன் கோட்டின் மேல் ஏறி நடந்தான். பிறகு ஓடினான். பிறகு நின்ற இடத்தில் துள்ளினான். "பாருங்கோ! ஒண்டுமில்ல! பாருங்கோ!" ஊர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தது. சில பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இஞ்ச ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும் தம்பி," என்றார் கனகரத்தினம். "இந்தப் பக்கம் கிளறினதே நாங்கள்தான். ஆனால் என்ர காலுக்குத் தெரியாதே. ஒரு நாள் என்ர சிநேகிதன் இப்பிடித்தான்..." அவர் வெற்றிலை எடுத்தார்.

ஆமினா அதற்குள் தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறிவிட்டாள். இந்த முறை சிக்னல் துரோகம் செய்யவில்லை. செய்தி முழுதாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தது: "மகள், உன்ர மாப்பிள்ள மிதிவெடிக்கு மேல நிண்டு ஆடுறான்."

றுஷ்தா அன்று பின்னேரமே பஸ்ஸால் இறங்கினாள். பெரிய பாதையில் இறங்கியவளுக்கு முன்னால் றோசாப்பூத் தடி. தூரத்தில் துள்ளிக் களைத்த புருசன். அவளும் புத்தளத்தில் வளர்ந்தவள்தான், அவளுக்கும் தடி வெறும் தடி.

"வாறியளா இல்லையா வீட்ட?" என்று முதல் தடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"பிடுங்காதீங்க! லைன் போற வழி அது!"

"லைன்!" அடுத்த தடி. "உங்களத் தூக்கிக் கொண்டு போக நான் என்ன அம்புலன்ஸா?" அதற்கடுத்த தடி. வஸீர் பின்னால் போனான், அவள் முன்னால் போனாள். நடுவழியில் ஒரு பாலை மரம் நிற்கிறது. வெயில் தாங்காமல் அதன் நிழலுக்குச் சாய்ந்து, மரத்தை அகலமாய்ச் சுற்றி வந்தபடியே அவனுடைய குடும்பம், குணம், மோட்டார் சைக்கிள் மூன்றையும் வரிசையாகத் திட்டினாள். திட்டி முடிந்ததும் கோட்டுக்குத் திரும்பி மிச்சத் தடிகளையும் பிடுங்கினாள். வாசல்வரைக்கும்.

கனகரத்தினம் வெற்றிலையைத் துப்பினார். தடி பிடுங்கினால் நிலம் துப்புரவு என்பது அவருடைய பழைய தொழிலின் சட்டம்.

"தடி கழண்டிட்டுது. இனிக் கால் கதைக்கேலாது. தங்கச்சியின்ர அடி அழிய முன்னம் வெட்டுங்கோடா!"

மணலில் றுஷ்தாவின் செருப்படி தெளிவாகக் கிடந்தது. வேறு அடையாளம் ஒன்றும் இல்லாததால் அதன் மேலேயே வெட்டினார்கள். பாலை மரத்தையும் சுற்றி வெட்டினார்கள். வெள்ளிக்கு முன்னம் குழாய் வாசலுக்கு வந்தது. பார்க்க வந்த நிரூபன் மரத்தடியில் நின்று தலையாட்டினார். கண்ணாடி நாரைச் சட்டென்று மடித்தால் வெளிச்சம் வழியிலேயே சிந்திவிடும், அகல வளைக்க வேண்டும்.

"வளைவு அந்தமாதிரி, நல்ல அகலமா எடுத்திருக்கிறியள் வஸீர். ஆர் பிளான் பண்ணினது?"

வஸீர் வானத்தைப் பார்த்தான்.

லைனுக்கு வெளிச்சம் வந்த கிழமை றுஷ்தா கம்பியூட்டரோடு வந்து இறங்கினாள். மற்றப் பெட்டிகள் இன்னும் புத்தளத்தில் என்பதை ஊர் கவனித்தது. ஆமினா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"எப்ப வந்த மகள்? எப்ப போற?"

றுஷ்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கலியாணக் கார்ட் குருநாகலுக்கு ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு பெயரோடும்.

"நான் போகயில்ல மாமி. கார்ட்தான் போகுது."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்த வஸீர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். கதிரையில் உட்கார்ந்து பார்த்தான், எழும்பினான். பிறகு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினான். எங்கே என்று றுஷ்தா கேட்டபோதுதான் அவனுக்கும் அந்தக் கேள்வி வந்தது.