டெஸ்ட்டுக்கு ஒரு சாக்ஸபோன்

ஸ்பீக்கர் சர்வீஸ் தொழிலுக்கு முதலீடு சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை, இரண்டு காதுகள்தான். "அவனியாபுரத்துல ஒருத்தர் இருக்காரு, காதாலயே கோளாறு சொல்லிருவாரு" என்ற பேரை வைத்துத்தான் இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன். அந்தப் பேருக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. காரணம் நான் கேட்கிற இசை.

எனக்கு ஜாஸ் என்றால் உயிர். அதிலும் மெட்டு, தாளக்கட்டு எதற்கும் அடங்காமல் வாசிக்கிறார்களே, அவான்கார்ட் என்று சொல்வார்கள், அது. காலையில் கடை திறந்ததும் இசைத்தட்டின் ஒரு பக்கம் கேட்பேன். முடிகிற வரை டீ கிடையாது, போன் கிடையாது. ரிப்பேர் முடித்த ஸ்பீக்கரைச் சோதிப்பதும் ஒரே தட்டை வைத்துத்தான். சாக்ஸபோன், ஆள் உயர வயலின் மாதிரி இருக்கிற டபுள் பேஸ், டிரம்ஸ், ஆக மூன்றே பேர். சினிமாப் பாட்டில் நாற்பது வயலின் சேர்ந்து எந்தக் கோளாறையும் அமுக்கிவிடும். இதில் அமுக்க ஆளில்லை, ஸ்பீக்கரின் வண்டவாளம் ஐந்து நிமிடத்தில் தண்டவாளம் ஏறிவிடும். "அந்தக் கருமத்த நிறுத்துறியா" என்று வீட்டிலும் ஆபீசிலும் பேச்சு வாங்கிக்கொண்டே தனக்குப் பிடித்ததைக் கேட்கும் சக பாவிகளே, கேளுங்கள் என் கதையை.

கார் ஸ்பீக்கர்

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் தன் காரின் பின் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்தார். ஒன்றில் கோன், அதிர்ந்து சத்தம் தருகிற காகிதக் கூம்பு, கிழிந்திருந்தது. மாற்றினேன். இரண்டையும் மேஜையில் வைத்து அவர் எதிரிலேயே தட்டைப் போட்டேன். சாக்ஸபோன்காரர் உச்சத்துக்குப் போய்க் கதறினார். எனக்குப் புல்லரித்தது. ஒரு பிசிறு இல்லை, அம்புட்டுச் சுத்தம்.

பட்டறைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க இரும்பைக் கிரைண்டரில் கொடுக்கிற மனுஷன், என் சாக்ஸபோனுக்குக் காதைப் பொத்துகிறார்! ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, சத்தமே அப்படித்தான் என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அண்ணே, நான் குடுக்கும்போது ஒண்ணுதேன் கிழிஞ்சிருந்துச்சு. இப்ப ரெண்டும் போச்சு."

பூ மார்க்கெட்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு விலை சொல்லி அறிவிக்க ஒரு ஹார்ன் ஸ்பீக்கர் மாட்டப் போனேன். சோதிக்க வேண்டாமா? போனில் இருந்த அதே சாக்ஸபோனை அரை நிமிடம், அரையே நிமிடம் விட்டேன். மூட்டை தூக்கியவர் மூட்டையைப் போட்டார். கனகாம்பரம் வாங்க வந்த அம்மா நகர்ந்தே போய்விட்டார். கடைக்காரர் கல்லாவில் இருந்து எழுந்து வந்து என் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மல்லிய வித்துக் குடுக்கச் சொன்னா மார்க்கெட்டையே காலி பண்ணுறீங்களேண்ணே, காது கீது போயிருச்சா ஒங்களுக்கு?"

நாதஸ்வரக்காரர்

இவர் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. கோயில் கச்சேரிகளுக்கு வாசிக்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் நாலு சீவாளி, நாதஸ்வர முனையில் செருகி ஊதுகிற நாணல் துண்டு, வைத்திருப்பார். ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் இழுக்கத் தெரிந்தவருக்குச் சாக்ஸபோன் புரியாமல் யாருக்குப் புரியும்? அவர் வீட்டு டேப் செட் தயாரானதும், ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, உட்கார வைத்து, தட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஆகா, கிடைத்தார் நம்ம ஆள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மூன்றாவது நிமிடம் கண்ணைத் திறந்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, அந்தாளுக்குச் சீவாளி காஞ்சு கெடக்கு. வாய்ல போட்டுக் கொஞ்ச நேரம் ஊற வச்சுட்டு வாசிக்கச் சொல்லுங்க."

திருநகர் சார்

மேலே சொன்னவர்கள் மேல் எனக்கு வந்தது கோபம். இவர் மேல் வந்தது வெறி. ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் ட்வீட்டர், கீச்சென்ற சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர், போயிருந்தது; வீட்டுக்கே வரச் சொன்னார். "நானும் ஜாஸ் பைத்தியம்தான்" என்றார். சந்தோஷமாகத்தான் போனேன். அவர் போட்டது என்ன தெரியுமா? ஹோட்டல் லிஃப்டில் நாம் கீழே இருந்து மூன்றாவது மாடி போகிற வரை ஒரு பியானோ வழியுமே, அது. அதைப் போட்டுக்கொண்டே பேப்பர் படித்தார், போனில் மைத்துனரோடு இடம் வாங்குவது பற்றிப் பேசினார், சமையல்கட்டைப் பார்த்து உப்புமாவுக்கு முந்திரி போடச் சொன்னார்.

கருமம் என்று காதைப் பொத்துகிறவனை நான் மன்னித்துவிடுவேன். அவன் காதுக்குள் அது போயிருக்கிறது, அதனால்தான் பொத்துகிறான். கேட்காமலே ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறவரை என்ன செய்வது? அவான்கார்ட் ஆல்பம் என்று பேர் வாங்கியதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பதினொரு பேர் ஒரே நேரத்தில் ஊதித் தள்ளுகிற ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது, அது சந்தைக்கடை. இன்னொன்றில் பாதி நேரம் சும்மா இருக்கிறார்கள். கேட்டால் மௌனமாம். இதையெல்லாம் முழுசாக உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திட்டுகிறேன். அந்த உரிமையாவது எனக்கு உண்டு. புது ட்வீட்டரை மாட்டி என் சாக்ஸபோனைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ரிமோட்டை எடுத்து அவரே நிறுத்தினார். "ஜாஸ்னா கொஞ்சம் டீசண்டா இருக்கணும் சார்."

மச்சினன்

கடையில் என் கூட்டாளி, மனைவியின் தம்பி செல்வம். ஆம்ப்ளிஃபயர் வேலை அவனுக்கு, ஸ்பீக்கர் வேலை எனக்கு. ஒரு வாரமாகச் சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் கொட்டிவிட்டான். பைபாஸ் பக்கம் புதுசாக வந்த கடைக்குப் பழைய வாடிக்கையெல்லாம் போகிறதாம். எனக்குக் காது கெட்டுவிட்டது, கிழிந்த சத்தத்துக்கும் நல்ல சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம்.

எனக்கா? அடுத்த தெருவில் ஆட்டோவில் பாட்டுப் போனால் எந்தப் பக்க ஸ்பீக்கர் அவுட் என்று சொல்கிற எனக்கா? கத்தினேன். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிந்தேன். அதைக் குனிந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, குரலே உயர்த்தாமல் சொன்னான்: "எதுக்கும் ஒருக்கா காதைக் காட்டிட்டு வந்துருங்க மச்சான்."

பாண்டியம்மாள்

சோதனைக்கு நான் போடுவது தட்டின் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் எனக்கே எனக்கு, என் சொந்த ஸ்பீக்கரில். அதில் ஒரு இடம் உண்டு. டபுள் பேஸ்காரர் அடித் தந்திக்கு இறங்கும்போது 'டர்ர்ர்' என்று ஒரு அதிர்வு எழும். தந்திக்கு நடுவில் எதையோ செருகி வாசிக்கிறார் என்பது என் கண்டுபிடிப்பு. ஜாஸ் கேட்கிற ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அந்த டர்ர்தான் ஆல்பத்தின் உயிர் என்று அதில் மூன்று பாகமாக எழுதினேன். "என் தட்டில் அப்படிச் சத்தமே இல்லையே" என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டார். விடுவேனா? முதலில் காதைக் கழுவுங்கள், அப்புறம் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள் என்று போட்டுத் தாக்கினேன். மனுஷன் குழுவை விட்டே போய்விட்டார்.

அதற்கு மறுநாள் பாண்டியம்மாள் வந்தார். திருமங்கலம் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறவர். ஸ்பீக்கர் பெட்டியை அவரே வேனில் ஏற்றி அவரே இறக்குவார். செல்வம் அவருடைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் வேண்டுமென்றேதான் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். இன்னொருத்தரும் ஓடட்டும் என்கிற ஆத்திரம். அவர் ஓடவில்லை. இருபது நிமிடம், போனைத் தொடாமல், ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கடையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தட்டு முடிந்ததும் "எப்படிம்மா?" என்றேன்.

"மூணு பேரும் ஒருத்தர் பேசுறத ஒருத்தர் கேட்டுக் கேட்டு வாசிக்கிறாகல்ல? அது நல்லாருக்குண்ணே. அந்த டர்ருதேன் வேண்டாம்." நான் டர்ர் பற்றிய என் மூன்று பாக விளக்கத்தையும் அவிழ்த்துவிட்டேன். பாதியிலேயே அவர் எழுந்து ஸ்பீக்கரிடம் போனார். இடது ஸ்பீக்கரின் வலையைக் கழற்றினார். "அந்த எடத்தப் போடுங்க" என்றார். போட்டேன். கோனின் ஓரத்தைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினார். டர்ர் நின்றது. எடுத்தார், வந்தது. அழுத்தினார், நின்றது. கோனைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் வெயிலில் பொடிந்து அரை வட்டத்துக்கு இல்லவே இல்லை. மூன்று வருஷமாக அந்த இரண்டாம் பக்கத்தைத் தவிர வேறு எதையும் அந்த ஸ்பீக்கரில் போட்டதில்லை நான், போட்டிருந்தால் அதிலும் டர்ர் கேட்டிருக்கும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: "பாட்டுல ஒரு கொறையும் இல்லண்ணே. ஒங்க ஸ்பீக்கருதேன் கிழிஞ்சிருக்கு."

புது ஃபோம் ஒட்டினேன், பெங்களூர்க்காரருக்குத் தனியாக மன்னிப்பும் எழுதினேன். ஊரார் காதையெல்லாம் திட்டித் தீர்த்தவன், என் பாட்டை உட்கார்ந்து கேட்ட முதல் ஆளிடமே என் காதுப் பேரைத் தோற்றேன் என்பதுகூடப் பெரிசில்லை, அந்தப் பாழாய்ப்போன டர்ர் இல்லாமல் இரண்டாம் பக்கம் இப்போது எனக்கே பிடிக்கவில்லை என்பதில்தான் வயிறு எரிகிறது.