தொலைந்துபோன பெற்றோரின் கவனத்துக்கு

கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில், மாலை ஐந்து மணிக்கு, எங்கள் ஊர்ப் பூங்காவில் குழந்தைகளுக்காக இலவசக் கலை நிகழ்ச்சி நடக்கும். பொம்மலாட்டம், கட்டைக்கால் கோமாளி, கதை சொல்கிறவர், மேளக்காரர்கள் என்று வாரத்துக்கு ஒன்று. டிக்கெட் கிடையாது என்பதால் கூட்டத்துக்கும் குறைவு கிடையாது. மேடைக்கு முன்னால் பாய், பாயில் பொடிசுகள். பின்னால் புல்தரையில் பெற்றோர், தள்ளுவண்டிகள், செல்போனில் படம் பிடித்தே பிள்ளையைக் கோட்டைவிடுகிற அப்பாக்கள். நான் சவுண்டு ஆள். மேடைக்கு இடப்பக்கம் எனக்கு ஒரு மேசை, நாலு ஸ்பீக்கர், ஒரு பெரிய குடை. இருபத்திரண்டு கோடையாக அந்த வெயிலில்தான் வெந்துகொண்டிருக்கிறேன்.

என் மேசைக்குப் பக்கத்தில் நின்று அறிவிப்புச் செய்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எல்லோரும் அவரை 'மைக்' என்பார்கள். அவர் மனைவியே எனக்கு போன் செய்தால், "மைக் அங்க இருக்காரா?" என்றுதான் கேட்பார். எனக்கு மட்டும் அண்ணன். வார நாட்களில் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று சொல்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு வருவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. சம்பளம் கிடையாது. ஒரு டீ கிடைக்கும், அதுவும் ஆறிப்போனது.

அவர் குரல் அப்படியொன்றும் கம்பீரமான குரல் அல்ல. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அதைக் கேட்டால் பயப்படத் தோன்றாது. நான் எரிச்சல்காரன், கூட்டத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவரோ கூட்டத்தில் ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

முதல் வருடம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக அழுதுகொண்டு மேசைக்கு வந்தது. அண்ணன் எல்லோரும் செய்வதைப்போல, "ஒரு பெண் குழந்தை காணாமல் போய் இங்கே நிற்கிறது, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும்" என்று அறிவித்தார். அப்பன் வந்தான். வந்த வேகத்தில், 'எங்கடி போய்த் தொலைஞ்ச' என்று அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். மைக்கை நான் அணைத்திருக்கவில்லை. நாலு ஸ்பீக்கரிலும் அந்த அறை கேட்டது. பாயில் இருந்த அத்தனை குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டன.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் அறிவிப்பைத் தலைகீழாக மாற்றிவிட்டார். குழந்தை தொலைந்தது என்று சொல்வதே இல்லை. அழுதுகொண்டு வருகிற பிள்ளையை என் ஸ்டூலில் ஏற்றி உட்காரவைப்பார். எனக்கு நிற்க வேண்டிய தலையெழுத்து. ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார். பெயர் கேட்க மாட்டார். "நீ இங்கதானே இருக்க? அப்ப நீ எப்படித் தொலைவ? உங்கம்மாதான் தொலைஞ்சிட்டாங்க. நாம கண்டுபிடிச்சிடலாம்" என்பார். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, அம்மாவைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கும். அப்புறம்தான் மைக்கை எடுப்பார்.

"தொலைந்துபோன பெற்றோரின் கவனத்துக்கு! நீலச் சட்டை போட்ட ஒரு அப்பா நம்ம பூங்காவில காணாம போயிட்டார். வயசு முப்பத்தஞ்சு இருக்கும், லேசா தொப்பை. அவரோட பொண்ணு இங்க பொறுமையா காத்திட்டிருக்காங்க. யாரும் அவரை அடிக்காம, திட்டாம, பத்திரமா கூட்டிட்டு வாங்க."

கூட்டம் சிரிக்கும். நீலச் சட்டைக்காரன் அசடு வழிய ஓடி வருவான். அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கையில் யாரால் பிள்ளையை அடிக்க முடியும்? ஒருமுறை மூன்று வயதுப் பொடியனிடம் அம்மா பெயரைக் கேட்டுத் தொலைத்தேன். "ஏய்" என்றான். வீட்டில் அப்பா அப்படித்தான் கூப்பிடுவாராம். அண்ணன் அதையும் மைக்கில் சொல்லிவிட்டார். அந்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தோரு கோடை இப்படித்தான் போயிற்று. ஒரு பிள்ளைகூட எங்கள் மேசைக்குப் பக்கத்தில் அடி வாங்கவில்லை. அண்ணனுக்கு வாழ்க்கையில் பெருமை என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான்.

போன கோடையின் ஐந்தாவது வாரம் பொம்மலாட்டம். நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். பாதி நிகழ்ச்சியில் நாலு வயதுப் பையன் ஒருவன் மேசைக்கு வந்தான். அழவில்லை. சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாராம், வரவில்லையாம். என்ன உடை என்று கேட்டால், "பச்சை" என்றான். அண்ணன் வழக்கம்போல அவனை ஸ்டூலில் ஏற்றி, வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னார். பையன் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினான்.

முதல் அறிவிப்புக்குக் கூட்டம் சிரித்தது. அம்மா வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. "பச்சை டிரஸ் அம்மா, ஒளிஞ்சு விளையாடினது போதும். உங்க பையன் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டான்." அதற்கும் சிரிப்பு. வரவில்லை. மூன்றாவது முறை மைக்கைப் பையனிடமே கொடுத்தார். அவன், "அம்மா, நான் தொலையல. நீங்கதான் தொலைஞ்சிட்டீங்க. சீக்கிரம் வாங்க" என்றான். கூட்டம் கை தட்டியது. நானும் சிரித்தேன். சும்மா சொல்லக்கூடாது, வாய்விட்டே சிரித்தேன்.

அந்த அம்மா அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சு அடைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்திருக்கிறார்கள். "உங்களைத்தான்மா கூப்பிடறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அவர் கையை லேசாகத் தூக்கினாராம். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். அப்படித்தானே நினைப்பார்கள்? எங்கள் பூங்காவில் கூப்பிடப்பட்ட பெற்றோர் எல்லோரும் வெட்கப்பட்டவர்கள்தான். முதல் அறிவிப்பிலிருந்து இருபத்தைந்து நிமிடம் கழித்து, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போன காவலாளிதான் பார்த்துவிட்டுக் கத்தினார். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அண்ணனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணன் அதோடு வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். பேருந்து நிலையக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் பஸ்ஸைப் பற்றிப் பேசுவார், அதோடு சரி. அவர் மனைவி ஒருநாள் என் சவுண்டு சர்வீஸ் கடைக்கே வந்து அழுதார். "உப்பு வேணும்னாகூட கையைத்தான் காட்டறார் தம்பி. எத்தனை மணிக்கு எந்த பஸ்னு ஊருக்கெல்லாம் சொல்றார், எங்கிட்ட சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை இல்ல."

நான் போய்ச் சண்டை போட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"நெஞ்சு அடைச்சதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? நீங்களா அடைச்சீங்க?"

"கையைத் தூக்கினாங்களாம்டா" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்தக் கோடையில் அவரை வற்புறுத்தி அழைத்து வந்தது நான்தான். பாய் விரிக்க மட்டும் வருகிறேன், மைக்கைத் தொட மாட்டேன் என்றார். அறிவிப்புக்குப் பூங்கா அலுவலகத்திலிருந்து ஒரு பதிவை அனுப்பியிருந்தார்கள். 'குழந்தைகளைத் தங்கள் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளவும்' என்று ஒரு பெண் குரல் உயிரே இல்லாமல் சொல்லும். அதை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் பாயை விரித்து, ஓரத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுப்பார். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்.

மூன்றாவது வாரம், நாலரை மணிக்கே ஒருவர் பையனோடு வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவர் என்பது சட்டைப்பையில் தொங்கிய அட்டையில் தெரிந்தது. பையன் ஓர் ஆண்டு வளர்ந்திருந்தான். பொத்தான் சப்புகிற பழக்கம் போயிருக்கவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பாயைக் கீழே விட்டுவிட்டு நின்றார்.

அந்த மனிதர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். குறுக்கே போய் நிற்கலாமா என்றுகூட யோசித்தேன். அவரோ என் மேசைக்குப் பக்கத்தில் அண்ணனை ஒதுக்கி அழைத்துவந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"சார், உங்களைக் குத்தம் சொல்ல வரல. இவன் ஒரு வருஷமா அழவே இல்ல சார். அன்னிக்கு நான் வெளியூர்ல இருந்தேன். நான் வர்றதுக்குள்ள சொந்தக்காரங்க இவனை வேற வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டாங்க. சின்னப் பையன், பார்க்க வேணாம்னு சொல்லிட்டாங்க. இவன் என்னடான்னா, அம்மா தொலைஞ்சு போயிருக்காங்கன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றான். கடையில, பஸ்ல, பச்சை டிரஸ் எங்க பார்த்தாலும் கையை உதறிட்டு ஓடறான். அம்மா செத்துட்டாங்கடான்னு நானே சொல்லிட்டேன் சார். நம்ப மாட்டேங்கறான். மைக் மாமா தொலைஞ்சிட்டாங்கன்னுதான் சொன்னாருங்கறான். உங்க பேச்சைத்தான் நம்பறான். நீங்க சொல்லுங்க சார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

அதற்குள் பையனே வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பழகியவரிடம் பேசுவதைப்போலத்தான் பேசினான்.

"மாமா, இன்னொரு தடவை கூப்பிடுங்க. போன தடவை அம்மாவுக்குக் கேக்கல." என் பக்கம் திரும்பி, "நீங்க சத்தத்தைக் கூட வைங்க" என்றான்.

என் கை அது பாட்டுக்கு வால்யூம் பொத்தான்மேல் போய்விட்டது. என்னை அறியாமல்தான். அண்ணன் என் கையைப் பிடித்துத் தள்ளிவைத்தார். முட்டி போட்டுப் பையனுக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்த முட்டிக்கு அது சுலபமில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக வீட்டில் வராத குரல் அப்போது வந்தது.

"கண்ணு, மாமா அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். உங்கம்மா தொலையல. அவங்க உன்னை விட்டுட்டு எங்கயும் போகல. தண்ணி பிடிக்கப் போன இடத்துல நெஞ்சு வலி வந்துடுச்சு. அங்கயே உட்கார்ந்துட்டாங்க. மாமா கூப்பிட்டப்ப வரணும்னுதான் பார்த்தாங்க, முடியல. அன்னிக்கே செத்துட்டாங்கடா. இனிமே எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர முடியாது. அப்பா சொன்னதுதான் நிஜம்."

பையன் பொத்தானை வாயிலிருந்து எடுத்தான். அழவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதிரி நின்றான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குத்தானே. இருவரில் ஒருவர் தொலைந்திருக்க வேண்டும்.

"அம்மா தொலையலன்னா," என்றான், "அப்ப தொலைஞ்சது நானா மாமா?"

எந்தப் பிள்ளை மனதிலும் அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் இந்த மனிதர் இருபது வருடத்துக்கும் மேலாக அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று கத்தினார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ஆமாண்டா கண்ணு" என்றார் அண்ணன்.

பையனின் உதடு கோணியது. பிறகு அழுதான். அம்மா, அம்மா என்று நெஞ்சு குலுங்க அழுதான். அவன் அப்பா குனிந்து தூக்கப்போனவர், தூக்காமல் அப்படியே பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் அவன் கையை விடவில்லை. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. பாய் நிறையக் குழந்தைகள். மேடையில் கோமாளி கட்டைக்காலைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் பதிவு, பாட்டு எதையும் போடவில்லை. அந்த மேசைக்கு எத்தனையோ பிள்ளைகள் இதே மாதிரி அழுதுகொண்டு வந்திருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாராவது ஓடி வந்தார்கள்.