சத்தம் பதியாத ஞாயிற்றுக்கிழமை

முகமது ஆசிப் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். மதுரை பழைய நகரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருக்கிறது. ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு பழைய ஆம்னி வண்டி. சினிமாவை எங்கும் போய்ப் படித்தவர் இல்லை. மேடைக்கு எதிரே நின்று நின்று, எந்த வெளிச்சம் முகத்துக்கு ஆகும், எது ஆகாது என்று கண்டுகொண்டவர்.

பத்து நிமிடத்தில் ஒரு கதைப்படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒவ்வொரு வருடமும் முகூர்த்த நாட்கள் வந்து அதைத் தள்ளிவிடும். போன வருடம் பசுமலையில் ஒரு கல்லூரி குறும்பட விழா அறிவித்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் படத்தை அனுப்ப வேண்டும். இதையும் விட்டால் இனி எடுக்க மாட்டேன் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கல்யாண ஆல்பத்தின் கெட்டி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் தனக்கான விதிகளை எழுதி வைத்தார். கதை ஒரே இடத்தில் நடக்கட்டும். பகலில் நடக்கட்டும்; சூரியனுக்கு வாடகை கிடையாது. நடிப்பவர் சொந்தச் சேலையிலேயே வரட்டும். நிழல் விழுந்த கன்னத்துக்கு ஒரு தெர்மகோல் அட்டை போதும். முதலில் சாப்பாடு, பிறகு கேமரா. எல்லாம் நல்ல விதிகள்தான். ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது.

கதை சின்னது. கால் வலியோடு இருக்கும் ஒரு தாய், வெளியூரில் வேலைக்குப் போன மகளிடம் போனில் பேசுகிறாள். வலியை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்கிறாள். தாயாக நடித்தவர் ஒச்சம்மாள். ஆசிப்போடு வேலை பார்க்கும் பாண்டிராஜின் அம்மா. சோழவந்தான் பக்கம் வயல் வேலை செய்கிறவர். கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே எடுத்தார்கள். கடன் வாங்கிய காலர் மைக்கைச் சேலை முந்தானையில் குத்தினார்கள். மூன்று பக்க வசனத்தை அந்த அம்மா தடுமாறாமல் பேசினார். சாயங்காலம் திரும்பும்போது வண்டியில் ஆசிப் பாடிக்கொண்டே வந்தார்.

திங்கள் காலை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ஒச்சம்மாள் வாயசைத்தார். சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கர் ஒயர் மாட்டிருக்கா பாரு மாப்ள."

பாண்டிராஜ் குனிந்து பார்த்தார். "மாட்டித்தான் இருக்கு. கீழ கோட்டப் பாரு."

பேச்சு இருந்தால் ஏறி இறங்க வேண்டிய கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராகக் கிடந்தது.

கல்யாண வீடியோக்காரர்களுக்குக் கேமராவில் பதியும் சத்தம் தேவையில்லை. மேளமும் ஜெனரேட்டரும் மண்டபத்து ஸ்பீக்கரும் சேர்ந்து அது இரைச்சலாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் பாட்டை ஏற்றிவிடுவார்கள். அதனால் என்றோ ஒரு நாள் ஆசிப் கேமராவின் சத்த அளவைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்தார். அதன் பிறகு அந்தத் திருகை யாரும் தொடவில்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்கும் வழக்கமும் இல்லை. மைக் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கேமரா காதை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஆசிப்பின் மனைவி ரூபினா விஷயத்தைக் கேட்டார். "பாட்டப் போட்டுக் குடுத்துருங்களேன். அதானே உங்க தொழிலு."

கேலிதான். ஆசிப் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

ஒச்சம்மாளை மறுபடி நடிக்கக் கூப்பிட முடியாது. கால்வாயில் தண்ணீர் திறந்து, திங்களன்றே நடவு தொடங்கிவிட்டது. பத்துப் பெண்கள் வரிசையாக நின்று நடும்போது ஒருத்தி விலகினால் மற்றவர்கள் அவள் பங்கையும் நட வேண்டும். எனவே செவ்வாய்க்கிழமை ஆசிப்பே பாண்டிராஜைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்.

"ஞாயித்துக்கிழமை அம்புட்டும் பேசினேனே தம்பி, அத எங்க வச்சீங்க?"

"தொலைச்சிட்டேம்மா."

"செருப்பத் தொலைச்சவன பாத்துருக்கேன். பேச்சத் தொலைச்சவன இப்பத்தான் பாக்குறேன்."

வரிசையில் நின்ற செல்லக்கிளி என்ற பெண் நிமிராமலே சொன்னார்: "எங்களப் படம் எடுங்கண்ணே. நாங்க பேசவே மாட்டோம், உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

சாப்பாட்டு நேரம்தான் கிடைத்தது. வரப்பில் காற்று இரைந்தது, பம்புசெட் அறையில் மோட்டார் ஓடியது. ஆம்னியைப் புளியமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, மேடைக்குப் பின்னால் கட்டும் வெல்வெட் துணியை உள்ளே நாலு பக்கமும் தொங்கவிட்டார்கள். வெளிச் சத்தம் அடங்கியது. இந்த முறை ஆசிப் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

படத்தைப் பார்த்து அதற்கேற்பப் பேசச் சொன்னார். ஒச்சம்மாள் மூன்று தடவை பேசிப் பார்த்தார். "வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. இது நமக்கு வராதுப்பா," என்று மைக்கைக் கழற்றப் போனார்.

ஆசிப் படத்தை நிறுத்தினார். வாய்க்குப் பொருந்தாவிட்டால் ஞாயிறு முழுக்க வெளிச்சம் பார்த்து, அட்டை பிடித்து எடுத்த முகக் காட்சிகள் எதற்கும் ஆகாது. அது அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்: "தமிழ்வாணிகிட்ட நெசமாவே பேசுறீங்களா? படத்துக்குன்னு அவகிட்ட சொல்லிட்டுப் பேசுங்க."

தமிழ்வாணி ஒச்சம்மாளின் மகள், கோயம்புத்தூரில் நர்ஸ். ஸ்பீக்கரில் போன் போட்டார்கள்.

"தமிழு, இந்தப் பயலுக படத்துக்குத்தான் பேசுறேன், சிரிக்காத. சாப்ட்டியா? இங்க மடைக்குத் தண்ணி வந்துருச்சு. முழங்கால் மட்டும் சேறு. சேத்துக்குள்ள நிக்கிற வரைக்கும் கால் வலி தெரியல. வரப்புல ஏறுனாத்தான் தெரியுது. அதான் நான் ஏறுறதே இல்ல."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏம்மா இத இம்புட்டு நாளா சொல்லல?"

"இப்பவும் படத்துக்குத்தான சொல்றேன்," என்றார் ஒச்சம்மாள்.

ஆசிப் எழுதிய மூன்று பக்கத்தில் இப்படி ஒரு வரி இல்லை. ஹெட்போனைக் கழற்றாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்கு மேல் நடவு தொடர்ந்தது. ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் கேரி பேக்கைக் கட்டிச் சேற்றில் இறக்கி, அந்தப் பேச்சோடு ஓட்ட ஒச்சம்மாளின் கைகளைப் படமெடுத்தார். நாற்றைப் பிரிக்கும் விரல்கள், பின்னோக்கி நகரும் கால்கள். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு தெர்மகோல்கூடப் பிடிக்கவில்லை.

புதனும் வியாழனும் வெட்டி ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளில் ஒன்று மட்டும் உதவியது. பாண்டிராஜ் கேமராவில் விழாமல் ஒதுங்கி நின்று மகளின் வசனத்தைப் படித்தபோது, ஒச்சம்மாள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த பதினோரு நொடி. தமிழ்வாணி பேசாமல் இருந்த இடத்தில் அதை வைத்தார்கள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வெள்ளி மதியம் படம் போய்ச் சேர்ந்தது.

அது தேர்வானது. திரையிட்ட அன்று ஒச்சம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாணவி வந்து, பேச்சைக் கேட்டு அழுதுவிட்டதாகச் சொன்னாள். "மொதல்ல இதவிட நல்லா பேசியிருந்தேன் தாயி. அத இவுக தொலைச்சுப்புட்டாக," என்றார் ஒச்சம்மாள்.

அடுத்த முகூர்த்தம் தல்லாகுளத்தில் ஒரு மண்டபம். ஆசிப் ஹெட்போன் மாட்டி நிற்பதைப் பார்த்து, "மாப்ள, விமானம் ஓட்டப் போறியா?" என்றார் பாண்டிராஜ். ஆசிப் அவரைக் கையமர்த்தினார். மணமகள் அறை வாசலில், பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் நடந்த பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. கேமராவில் கோடு ஏறி இறங்கியது.

மாலையில் பெண்ணின் அப்பா வந்து கேட்டார். "தம்பி, நல்ல பாட்டாப் போடுவீங்கல்ல?"

"போடுவோம்ணே. ஒரு நிமிசம் மட்டும் பாட்டு இல்லாம விடலாம்னு இருக்கு. மொதல்ல உங்களுக்கும் அண்ணிக்கும் போட்டுக் காட்டுறேன். பிடிச்சிருந்தா வச்சுக்குவோம்."