எட்டுக் கதவுப் பலகை

கலியாணசுந்தரம் செய்த புதிர்ப் பலகையை அவராலேயே முடிக்க முடியாது என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. ஊர்ப்பேச்சை அப்படியே விழுங்கினால் வயிற்றுக்கு ஆகாது. விசாரித்ததில், பாதி உண்மை: வீட்டில் நாற்பது முறை முடித்திருக்கிறார், வாலிபர் மன்றத்தில் ஒருமுறைகூட இல்லை.

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் அவர். மேசையில் கிடத்திய பலகையின் தலைமாட்டில் இரும்புக் குண்டை விட்டு, எட்டுச் சின்னக் கதவுகளைத் திறந்தும் மூடியும் கீழேயுள்ள குழியில் சேர்க்க வேண்டும். பலகையை அசைக்கக்கூடாது. சுதந்திர நாள் சந்தையில் அதற்கு ஓர் இடம். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. மன்றச் செயலாளர் ஜெயபாலன் நிபந்தனை போட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு யாராவது ஒருவர் முடித்துக் காட்ட வேண்டும்.

ஆடியவர்கள் கருத்தெழுத ஒரு நோட்டும் வைத்தார். அதுதான் வினை. ‘மூன்றாம் கதவில் குண்டு குடித்தனம் போட்டுவிட்டது.’ ‘செய்தவருக்கு நம்மேல் என்ன பகை?’ கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து வந்த தேவதாஸ் எழுதவில்லை. “போலா பூன் மெராஜோக்” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். குண்டுகூடக் கோபித்துக்கொண்டதாம்.

சனிக்கிழமை மனைவி சந்திரமதி கையிலிருந்து தவறிய வெங்காயம் உருண்டு வடக்கு மூலைக்குப் போனது.

“ஏன் அங்க போவுது?”

“இந்த வீட்ல எது விழுந்தாலும் அங்கதான். தரை எறங்கிப் பத்து வருசமாச்சு. தினம் தரையப் பெருக்குறவளுக்குத் தெரியும்.”

சாய்ந்த தரையில் பிறந்த புதிர். மன்றத்துச் சிமெண்டுத் தரையோ சமம்.

ஞாயிறன்று மன்றத்தில் மேசைக்கால் இரண்டுக்கு அடியில் கட்டை வைத்தார். குண்டு கதவு கதவாக இறங்கிக் குழியில் விழுந்தது.

“செஞ்சவரே முடிச்சா சேராதுண்ணே,” என்றார் ஜெயபாலன். “முட்டுக்குடுத்த ஆட்டத்தச் சந்தையில வெச்சா, சுதந்திரத்துக்கும் முட்டுக்குடுத்தீங்களான்னு கேப்பானுங்க. சரி, வேற யாராச்சும் ஆடட்டும்.”

யாரும் வரவில்லை. நோட்டில் திட்டியவன் மறுபடி ஆட வருவானா? ஜவுளிக்கடை ஷரீஃபுதீன் மட்டும் எட்டிப் பார்த்தார். “தொழுதுட்டு வந்து ஒரு ஆட்டம் ஆடறேண்ணே, இன்ஷா அல்லா.”

கலியாணசுந்தரம் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கு ஜெயபாலன் பூட்டை எடுத்தார்.

சந்தையில் அவர் கேட்ட இடத்தில் பலூன் சுட்டார்கள். பலகையில் சந்திரமதி கருவாடு காயப்போட்டாள்.

மாதாமாதம் மீட்டர் பார்க்கப் போகும்போது ஷரீஃபுதீன் துணியை மடித்தபடியே கூவுவார்: “ஒரு ஆட்டம் பாக்கி இருக்குண்ணே, மறக்கல!”

கலியாணசுந்தரம் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்.